இசைத்தட்டில் பெயர் இல்லாதவர்

ஒரு பாடலைக் கேட்டு மகிழ்பவர்கள் பாடியவர் யார் என்று வினவுவார்கள். இன்னும் சிறிது ஆர்வமுடையவர்கள் எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்றும் வினவுவார்கள். ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எங்கிருந்தோ வந்து நெஞ்சைத் தொட்டுவிட்டு மறைந்து போகிறதே ஒரு வாத்தியம், அதை வாசித்தவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலரின் நினைவினால் மட்டுமே பெயர் நிலைத்திருக்கும் கலைஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசையில் அத்தகைய ஒருவர் ரால்ஃப் மூனி. அந்நாட்டிலேயே பொதுமக்களில் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் அவர் கைத்திறனைக் கேளாதவர் அங்கே குறைவு என்றே சொல்ல வேண்டும்.

அவர் வாசித்தது பெடல் ஸ்டீல் கிதார். பெயரில் கிதார் இருந்தாலும், மார்போடு அணைத்து வாசிக்கும் கிதார் அன்று இது. கால்களின்மேல் நிறுத்திய ஒரு நீண்ட பலகையை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். அதன்மேல் பெரும்பாலும் பத்துத் தந்திகள். வாசிப்பவர் அதன் பின்னே அமர்ந்து, இடக்கையில் வழவழப்பான எஃகுத் தண்டொன்றைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்வார். நம் கோட்டுவாத்தியத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரக்கட்டையை வழுக்கி நாம் கமகம் எழுப்புவது போலவே அவர்கள் எஃகை வழுக்கி எழுப்புகிறார்கள். வேறுபாடு கால்களில் இருக்கிறது. பலகையின் அடியில் மிதிகள் உண்டு. முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் உண்டு. ஒரு மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட ஓரிரு தந்திகள் மட்டும் இறுகிச் சுருதி ஏறும்; மற்றவை இருந்த இடத்திலேயே நிற்கும். வலக்கால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வேறொரு மிதியின்மேல் இருக்கும். இரு கைகள், இரு பாதங்கள், இரு முழங்கால்கள் ஆகிய அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வாசிப்பவரை மேடையில் பாடகருக்குப் பின்னால் ஒரு மூலையில் அமர்த்திவிடுவது வழக்கம்!

எஃகை வழுக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற ஹவாய் இளைஞர் அதனை வளர்த்தார் என்பர். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியின் வாயிலாக ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவிற்று. 1930-களில் கிதாருக்கு மின்சாரம் வந்தது. பின்னர் மிதிகளும் சேர்ந்தன. ஆனால் தந்தி ஒலித்துக் கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி, ஒரு சுரத்தை மற்றொன்றாகக் குழைத்துக் காட்டி நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954-இல் புகழ்பெற்ற 'ஸ்லோலி' என்ற பாடலில்தான் அவர் அதைச் செய்தார். அதைக் கேட்ட ஸ்டீல் கிதார்க்காரர்கள் தங்கள் வாத்தியத்துக்கும் மிதி பொருத்த ஓடினார்கள்.

ரால்ஃப் மூனி பிறந்தது 1928-இல், ஓக்லஹோமா மாநிலத்தின் டங்கன் என்னும் ஊரில். அந்த மாநிலத்து மக்கள் வறட்சிக்கும் புழுதிப் புயலுக்கும் தப்பி, வேலை தேடி மேற்கே கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த காலம் அது. மூனியும் இளம் பருவத்திலேயே அங்குச் சென்று சேர்ந்தார். லியான் மெக்காலிஃப் என்பவர் வாசித்த 'ஸ்டீல் கிதார் ராக்' என்ற இசைத்தட்டைக் கேட்டு மயங்கி, எஃகுத் தண்டு கிடைக்காத குறையைச் சாதாரணக் கிதாரின்மேல் கத்தியை வழுக்கித் தீர்த்துக் கொண்டார் என்பர்.

இனிச் சொல்லப் போவது சற்றுக் கசப்பான பகுதி. மூனிக்கு இளமையிலேயே திருமணம் ஆகிவிட்டது. இளமையிலேயே குடியும் சேர்ந்துவிட்டது. இரவெல்லாம் மதுக்கூடங்களில் வாசித்துப் பிழைப்பவனுக்கு அது எவ்வளவு அருகில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1949-இல் அவருடைய குடியைப் பொறுக்க மாட்டாமல் இளம் மனைவி அவரை விட்டுப் புறப்பட்டுப் போனார். வெறிச்சோடிய வீட்டில் இருந்தபோதுதான் 'கிரேசி ஆர்ம்ஸ்' என்ற பாடல் தமக்குத் தோன்றியதாக மூனியே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இல்லாதவளை இன்னமும் அணைக்கத் தவிக்கும் கரங்களைப் பற்றிய பாடல் அது. அதை எழுதியவர்களாக மூனியின் பெயரும் சக் சீல்ஸ் என்பவரின் பெயரும் பதிவாகியுள்ளன.

மனைவி திரும்பி வந்தார். அவர்களுடைய இல்லறம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பாடல் உலகெங்கும் பரவிற்று. இந்தச் செய்தி அந்த அளவு பரவவில்லை. எனக்கோ இரண்டாவதே பெரிதாகத் தோன்றுகிறது.

பாடல் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1956-இல் ரே பிரைஸ் அதைப் பாடினார். 'பில்போர்டு' இதழின் கன்ட்ரிப் பட்டியலில் இருபது வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டில் ஜெர்ரி லீ லூயிஸ் என்ற இளைஞர் தமது முதல் இசைத்தட்டுக்கு அதே பாடலைத் தேர்ந்துகொண்டார். பின்னர்ப் பாடியவர்களை எண்ணி முடியாது. இதில் ஒரு விந்தை. ரே பிரைஸ் தட்டில் ஸ்டீல் கிதார் உண்டு. ஆனால் அதை வாசித்தவர் பாடலை எழுதிய மூனி அல்லர், ஜிம்மி டே என்ற வேறொரு தேர்ந்த கலைஞர். தம்முடைய துயரத்தைத் தம்முடைய வாத்தியத்திலேயே மற்றொருவர் வாசிக்க, அதை வானொலியில் கேட்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்!

மூனியின் சொந்த வாசிப்பு ஒலித்தது கலிபோர்னியாவில். பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற நகரைச் சுற்றிப் பருத்தி வயல்களும் எண்ணெய்க் கிணறுகளும் நிறைந்திருந்தன. ஓக்லஹோமாவிலிருந்து பெயர்ந்து வந்த தொழிலாளிகள் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் ஆட்டமும் கூச்சலும் நிறைந்த கூடங்களில் திரள்வார்கள். அந்தக் கூச்சலைத் துளைத்துக் கொண்டு கேட்க வேண்டுமானால் இசையில் கூர்மை வேண்டும். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அப்போது வயலின் கூட்டமும் பின்பாட்டுக் குழுவும் சேர்த்துப் பாடல்களை மெருகேற்றிக் கொண்டிருந்தார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டோ மின்கிதாரையும் ஸ்டீல் கிதாரையும் விடாமல் பற்றிக் கொண்டது. 'பேக்கர்ஸ்ஃபீல்டு ஒலி' என்று இன்று வரலாற்று நூல்கள் எழுதும் அந்த ஒலியில் பாதி மூனியின் விரல்களில் பிறந்தது என்றால் மிகையாகாது.

ஸ்டீல் கிதார் என்றாலே அழுகை என்று பலர் எண்ணுவார்கள். இழுத்து இழுத்து உருக்குவதற்கு அதைப்போல் வேறு கருவி இல்லை என்பதும் உண்மைதான். மூனி அந்த வழியில் செல்லவில்லை. உச்சத் தந்திகளில் சுரங்களைப் பளிச்சென்று தெறிக்கவிட்டு, தாளத்தின்மேல் துள்ளி ஓடுவார். சோகப் பாட்டிலும் அந்தத் துள்ளல் இருக்கும். வருத்தத்தைச் சொல்கிறவனின் குரலில் ஒரு சிரிப்பும் ஒளிந்திருப்பது போல் அது கேட்கும். வின் ஸ்டுவார்ட் என்ற பாடகரின் குழுவில் அவர் நெடுநாள் இருந்தார். பக் ஓவென்ஸ் 1959-இல் பாடிய 'அண்டர் யுவர் ஸ்பெல் எகெய்ன்', மறு ஆண்டில் பாடிய 'அபவ் அண்ட் பியாண்ட்' ஆகியவற்றில் ஒலிப்பதும் மூனியே. பக் ஓவென்ஸுக்குப் புகழின் கதவைத் திறந்த பாடல்கள் அவை.

அந்நாளைய தட்டுகளை இன்று கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் உள்ள வட்டத்தாளில் பாடகர் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் அடைப்புக்குள் சிறிதாக இருக்கும். நிறுவனத்தின் முத்திரை பெரிதாக இருக்கும். வாத்தியக்காரர் எவர் பெயரும் இராது. மூன்று மணி நேர ஒலிப்பதிவுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்றுக்கொண்டு அவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். அந்த நிலையில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? காதால் தேடினார்கள். முன்னிசையில் நான்கு சுரம் கேட்டதும் "இது மூனி" என்று சொல்லப் பழகினார்கள். கற்றுக்கொள்ள விரும்பிய இளைஞர்கள் தட்டின் வேகத்தைக் குறைத்து, ஊசியைத் திரும்பத் திரும்பப் பின்னுக்கு வைத்து, அந்த விரல்கள் எந்தத் தந்தியைத் தொட்டன, எந்த மிதி எப்போது இறங்கியது என்று ஆராய்ந்தார்கள். இந்தப் பாடலில் வாசித்தது அவரா மற்றொருவரா என்ற வாதம் அவர்களிடையே இன்றும் ஓயவில்லை. அச்சகம் செய்யாமல் விட்ட வேலையைச் செவிகள் செய்தன.

1960-களின் தொடக்கத்தில் வின் ஸ்டுவார்ட் லாஸ் வேகாஸ் நகரில் இசைக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். மூனி அங்கே வாசித்துக் கொண்டிருந்தார். அக்குழுவில் சேர்ந்தவர் மெர்ல் ஹேகர்டு என்ற இளைஞர். சான் க்வென்டின் சிறையிலிருந்து 1960-இல்தான் வெளிவந்திருந்தார். பின்னாளில் கன்ட்ரி இசையின் பெருங்கவிஞர் என்று போற்றப்பட்ட ஹேகர்டு, 1966-இல் பதித்த 'ஸ்விங்கிங் டோர்ஸ்', 'தி பாட்டில் லெட் மீ டவுன்' ஆகிய இரண்டிலும் மூனியை வாசிக்க வைத்தார். இரண்டுமே மதுக்கூடத்தில் அமர்ந்து துயரை மறக்க முயல்பவனின் பாடல்கள். குறிப்பாக இரண்டாவதில், குடித்தும் நினைவு போகவில்லை என்று அவன் புலம்புகிறான். குடியினால் வீட்டில் என்ன நேரும் என்பதை அறிந்த ஒருவர் பின்னால் அமர்ந்து வாசிக்கிறார் என்ற எண்ணத்தோடு அதைக் கேட்டால், அந்தத் துள்ளல் ஒலியே வேறுவிதமாக நெஞ்சில் இறங்கும்.

1970-இல் மூனி, வேலன் ஜென்னிங்ஸ் என்ற பாடகரின் குழுவில் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடன் ஊர் ஊராகச் சென்றார். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் பாடகர்கள் தங்கள் குழுவோடு ஊர் சுற்றுவார்கள். ஆனால் இசைத்தட்டுப் பதிக்கும் வேளையில் அந்தக் குழு வெளியே நிற்கும். நிறுவனம் தெரிந்தெடுத்த வாத்தியக்காரர்கள் வந்து வாசித்துக் கொடுப்பார்கள். குளிரிலும் வெயிலிலும் உடன் வந்தவர்களைப் பதிவுக் கூடத்தின் வாயிலில் நிறுத்திவிடும் இந்த முறையை ஜென்னிங்ஸ் ஏற்கவில்லை. தம் இசையைத் தம் குழுவைக் கொண்டே பதிப்பேன் என்று நிறுவனத்தோடு போராடி உரிமை பெற்றார். 1973-இல் வெளிவந்த 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' அந்தப் போராட்டத்தின் கனி. மறு ஆண்டின் 'ரெய்னி டே உமன்' பாடலில் மூனியின் தந்திகள் பாடகருக்கு இணையாகவே முன்னால் வந்து நிற்கின்றன. மேடையில் ஜென்னிங்ஸ் அவரை 'மூன்' என்று செல்லமாகப் பெயர் சொல்லி அழைப்பார். தட்டில் அச்சாகாத பெயரைப் பல்லாயிரம் பேர் கூடிய அரங்கில் பாடகரே உரக்கச் சொன்னது ரசிகர்களுக்குப் பெருமகிழ்ச்சி.

ஸ்டீல் கிதார் அன்பர்கள் தமக்கென ஓர் இடத்தையும் ஏற்படுத்திக் கொண்டார்கள். மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் டிவிட் ஸ்காட் என்ற இசைக்கலைஞரின் முயற்சியால் ஆண்டுதோறும் செப்டம்பர்த் தொடக்கத்தில், அந்நாட்டுத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, பெரிய மாநாடு கூடி வந்தது. பாடகரைப் பார்க்க வந்த கூட்டம் அன்று அது. காலை முதல் இரவு வரை ஸ்டீல் கிதார் ஒன்றையே கேட்பதற்காகத் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள். மற்ற மேடைகளில் மூலையில் அமர்பவர்கள் அங்கே நடுவில் அமர்ந்தார்கள். அத்துறையின் முன்னோர்களுக்கென ஒரு புகழ்மன்றமும் அங்கே எழுந்தது. 1983-இல் மூனியின் பெயர் அதில் பொறிக்கப்பட்டது.

பணியிலிருந்து ஓய்வு பெற்று டெக்சாஸில் வாழ்ந்து வந்த முதியவரை மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தவரும் ஒரு ரசிகர்தான். மார்ட்டி ஸ்டுவார்ட் தாமே புகழ்பெற்ற பாடகர். பழைய கலைஞர்களின் உடைகளையும் வாத்தியங்களையும் தேடிச் சேர்த்துக் காப்பவர். 'கோஸ்ட் டிரெயின்' என்ற தம் இசைத்தொகுப்பை நாஷ்வில்லின் புகழ்பெற்ற பழைய 'ஸ்டூடியோ பி'-யில் பதித்தபோது மூனியை வரவழைத்தார். எண்பது வயதைக் கடந்த மூனி அங்கே 'கிரேசி ஆர்ம்ஸ்' வாசித்தார். இம்முறை பாடகர் இல்லை, சொற்களும் இல்லை. ஸ்டீல் கிதார் மட்டும் பாடுகிறது. இருபது வயதில் வெற்று வீட்டில் தோன்றிய மெட்டை, அதன் சொந்தக்காரரே முதுமையில் அவசரமின்றி வாசிப்பதை அதில் கேட்கலாம். தொகுப்பு 2010 ஆகஸ்டில் வெளிவந்தது. மூனியின் பெயர் அதில் தெளிவாக இடம்பெற்றிருந்தது. ஏழு மாதங்களுக்குப் பின், 2011 மார்ச் 20-ஆம் நாள், டெக்சாஸின் கென்னடேல் நகரில் தமது 82-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவரைக் கேட்க விரும்பும் வாசகர் முதலில் 'ரெய்னி டே உமன்' பாடலைக் கேட்கலாம். பிறகு ஹேகர்டின் இரண்டு பாடல்கள். வாத்தியம் மட்டுமே ஒலிக்கும் 'கிரேசி ஆர்ம்ஸ்' கடைசியில் இருக்கட்டும். அதை வீட்டார் அனைவரும் உறங்கிய பின் கேட்பது நல்லது.