பியூஸ் கட்டையும் வெள்ளைக் குச்சியும்

வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுக்க வரும் பைபர்காரர் கேபிள் நுனியின் மூடியைக் கழற்றும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் இல்லை, பீங்கான் சாதி, ஜிர்கோனியா. பருமன் 2.5 மில்லிமீட்டர். நடுவே 125 மைக்ரான் கண்ணாடி இழை நுழைய ஒரு துளை. அந்தத் துளை இம்மி பிசகினாலும் ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு ஒளி சரியாகப் போய்ச் சேராது.

செராமிக்குக்குப் பேர் போன விருத்தாசலத்திலும் அந்தக் குச்சி வெளியூர்ச் சரக்குதான்.

ஒரு காலத்தில் கம்பி பிடிக்கும் வேலை இந்த ஊர் மண்ணுடையது. பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கார்த்திகை அகல் எல்லாம் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் உருவாயின. மாநில அரசின் சிமெண்ட் நிறுவனமான டான்செம்மின் ஸ்டோன்வேர் பைப் ஆலையும் இங்கேதான் அமைந்தது. பிவிசி வந்ததும் சாக்கடைக் குழாய்க்கு மவுசு போயிற்று. பியூஸ் கட்டை இருந்த இடத்தை எம்சிபி சுவிட்ச் பிடித்தது.

பட்டறைக்காரருக்கு நெடுநாள் பகை இரும்பு. களிமண் கூழைச் சல்லடையில் வடித்து, காந்தத்தின்மேல் ஓடவிடுவார்கள். ஒரு துகள் தப்பினாலும் போச்சு, சுட்டெடுத்த வெள்ளைக் கிண்ணத்தின் முகத்தில் கரும்புள்ளி.

1966இல் இங்கிலாந்தில் விஞ்ஞானி சார்லஸ் காவ் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். கண்ணாடியில் ஒளி மங்குவதற்குக் காரணம் கண்ணாடி அல்ல, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசு என்றார். ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் தொலைபேசிக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதை எட்டியது. இன்றைய இழையில் அதே ஒரு பங்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் மிஞ்சுகிறது. காந்தமும் சல்லடையும் இதற்குப் போதவில்லை. மணலை விட்டுவிட்டு, வாயுவிலிருந்தே கண்ணாடியைப் படியவைத்தார்கள். சூளைக்காரரும் இழைக்காரரும் பிரிந்த இடம் அதுதான்.

கொல்கத்தாவில் மட்டும் பிரியவில்லை. 1950இல் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆய்வு நிறுவனத்தில் ஒரே வளாகத்தில் களிமண்ணும் உண்டு, ஒளியிழையும் உண்டு. ஒளியைப் பெருக்கும் எர்பியம் இழை ஆய்வில் அவர்கள் டெல்லி ஐஐடியோடு கைகோத்தார்கள். நம் பக்கம் சென்னை ஐஐடியில் மத்திய அரசு நிதியில் ஒளியைச் சிப்பில் ஓடவிடும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கு ஒரு மையம் நடக்கிறது. மலேசியாவின் சில்டெர்ரா சிப் ஆலை அதன் கூட்டாளி. இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் தர 2023இல் சட்டமான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வரவேண்டும் என்பது திட்டம்.

பட்டறைக்காரருக்குத் தெரிந்த அரசு உதவி வேறு மாதிரி: தொழிற்பேட்டையில் இடம், அரசுச் சூளையில் கட்டணம் கட்டிச் சுட்டுக்கொள்ளும் வசதி. என்னைக் கேட்டால் அதுவும் கூட்டாண்மைதான், அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை, அவ்வளவே. இன்றைய கூட்டாண்மைக்கு ஆய்வு முன்மொழிவு எழுத வேண்டும், முனைவர்கள் கையெழுத்திட வேண்டும். நாலு பேர் வைத்து அகல் வார்க்கிறவர் எந்த வரிசையில் போய் நிற்பார்?

அந்த வெள்ளைக் குச்சியின் பொருள் ஒன்றும் அந்நியமில்லை. ஜிர்கோனியாவுக்கு மூலமான ஜிர்கான் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. மெருகு வெள்ளையாக வர அதன் பொடியைச் சேர்ப்பது செராமிக்காரர்களுக்குப் பழக்கம். சூளை வெப்பம் சில நூறு டிகிரி கூட வேண்டும், அதைக்கூடச் சமாளிக்கலாம். மைக்ரானில் அளக்கும் கருவிதான் சின்னப் பட்டறைக்கு எட்டாக்கனி. ஊரிலேயே அரசு செராமிக் கல்லூரி இருக்கிறது. அளக்கும் கருவியை அங்கே பொதுவில் வைத்து, பழைய சூளையைப் போலக் கட்டணத்துக்கு விட்டால் என்ன?

பைபர்காரர் ஸ்பிரிட் தொட்ட துணியால் அந்த வெள்ளை நுனியை ஒருமுறை துடைத்து, பெட்டியில் சொருகுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. மேலே, பழைய மீட்டர் பலகையில், ஓரம் உடைந்த பியூஸ் கட்டை ஒன்று இன்னும் மாட்டியபடி இருக்கிறது.