சூடு தாங்காத இன்ஜின், சூடு கிடைக்காத இன்ஜின்

கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வரும் ஊர் ஜூஜுவாடி. சோதனைச் சாவடியில் லாரிகள் நின்றன. லாரிகள் நின்ற இடத்தில் பட்டறைகள் வந்தன. 1970-களில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே அமைந்தபோது லேத்தும் வெல்டிங்கும் பெருகின. அந்தப் பட்டறைகளில் லாரிகளுக்கு நடுவே ஒதுங்கி நின்ற வண்டி ஜீப். கருங்கல் குவாரிக்காரர்களும் வனத்துறையினரும், தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் போக்குவரத்து உள்ளவர்களும் அதைத்தான் நம்பினார்கள். இன்று அதே சாலையில் டிஎன் 70, கேஏ 51 என்று இரண்டு மாநிலத்து எண்களோடும் மஹிந்திராவின் புதிய தார் வண்டிகள் ஓடுகின்றன. பழைய ஜீப்பின் பேரப்பிள்ளைதான் தார். ஆனால் இரண்டும் படுக்கும் காரணங்கள் ஒன்றல்ல. பழையது சூட்டால் படுத்தது. புதியது சூடு கிடைக்காமல் படுக்கிறது.

மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1940-களின் பிற்பகுதியில். நெடுங்காலம் இங்கே ஓடிய சிஜே3பி ஜீப்பில் இருந்தது 2199 சிசி பெட்ரோல் இன்ஜின். கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தால் மறுபடி ஓடும். மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தாலும் நிற்கும். தண்ணீரைப் போலப் பெட்ரோல் குடித்ததால் பலர் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டார்கள்.

1980-களில் எம்.எம்.540 வந்தது. அதில் இருந்தது பிரான்சின் பெஜோ நிறுவனத்து எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின்: 2112 சிசி, 62 குதிரைத்திறன். 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த தாரின் எம்ஹாக் டீசல் இன்ஜின் 2184 சிசி, 130 குதிரைத்திறன். கொள்ளளவில் வித்தியாசம் வெறும் 72 சிசி. திறனோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதே அளவு சிலிண்டரிலிருந்து இவ்வளவு கறப்பதற்காக டர்போவும், ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரயிலும், அவற்றை ஆட்டுவிக்கும் கணினியும் வந்தன. அன்றைய நாசில் நூற்றுச் சொச்சம் பாரில் திறந்தது. இன்று 1600 பார் என்பது சாதாரணம்.

அந்தப் பெஜோ இன்ஜினின் முதல் நோய் சூடு. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்கும் காட்டுச்சாலையில் திரும்பி ஏறும்போதும், பெட்டமுகிலாளம் ஏற்றத்திலும், ஆளும் மூட்டையுமாக நிறைந்த ஜீப் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்தது. எதிர்க்காற்று இல்லை. ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது; இன்ஜின் திணறி மெதுவானால் அதுவும் மெதுவாகும். ரேடியேட்டரில் ஊற்றியது பெரும்பாலும் போர் தண்ணீர். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அப்படியே படிந்து, வருஷம் போகப்போக வழியை அடைத்தது.

சூட்டு முள் ஏறியதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிப் பானெட்டைத் தூக்கி வைப்பார். நனைத்த சாக்கை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருகுவார். ஆவி சீறி அடங்கும்வரை அந்தப் பிடியை விடமாட்டார். பொறுக்காமல் மூடியை முழுதாகத் திறந்தவர்கள் கையை வேகவைத்துக்கொண்டார்கள். பொறுக்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றியவர்களுக்குச் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டது. அதற்கு முன்பே ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி கிளம்பும். ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறும். பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பார்ப்பார். “கேஸ்கெட் போச்சுண்ணே, ஹெட்டை இறக்கணும்” என்பார். அவ்வளவுதான் பரிசோதனை. ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேசிங் போட்டு, பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்து கேஸ்கெட் வந்ததும் பூட்டுவார்கள்.

இன்று அதே ஏற்றத்தில் தார் ஏறும்போது சூட்டு முள் அசைவதில்லை. ரேடியேட்டரில் ஓடுவது கம்பெனி கூலன்ட். ஃபேனின் வேகம் சூட்டைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது. மலை அதற்குப் பெரிய பரீட்சையே அல்ல. பரீட்சை அத்திப்பள்ளி டோல்கேட்டில்தான் தொடங்குகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளிவிடலாம் என்றிருந்த வரம்பு 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. எம்.எம்.540 வந்த நாளில் இப்படி ஒரு வரம்பே கிடையாது. நாசில் தேய்ந்த ஜீப்பின் பின்னால் சைக்கிளில் வந்தவர் முகம் துடைத்த கைக்குட்டைதான் அன்றைக்குக் கணக்கு. புதிய வரம்புக்காகப் புகைக்குழாயில் டிபிஎஃப் என்னும் வடிகட்டியை வைத்தார்கள். கந்தகம் மிகுந்த டீசலோடு இந்த ஏற்பாடு ஒத்துப்போகாது. அதனால் 2000-ஆம் ஆண்டில் பத்து லட்சத்துக்கு 2500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், பிஎஸ்-4 காலத்தில் 50 ஆகி, இப்போது 10 ஆகிவிட்டது. ஊர்க்காற்றுக்கு இது பெரிய வரவு. வேறெந்தக் குறையைச் சொல்லும்போதும் இதை மறக்கக் கூடாது.

வடிகட்டி பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் இந்த வேலை ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடந்துவிடும். ஜூஜுவாடியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நின்று நின்று போய், அலுவலக வாசலில் அணைத்துவிட்டால் நடக்காது. சூடேற்றுவதற்காகக் கணினி கொஞ்சம் டீசலைக் காலந்தாழ்த்தித் தெளிக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பிவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும். மறுநாளும் அப்படியே. கரி சேரும், விளக்கு எரியும், பிறகு இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி தவழும். விளக்கு எரிந்த உடனே வந்தால் மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “கிருஷ்ணகிரி டோல்கேட் வரைக்கும் ஒரே சீரா ஓட்டிட்டு வாங்க சார், தானா அணைஞ்சுடும்.” ஐம்பது கிலோமீட்டர் சும்மா ஓடுவதே மருந்து. காட்டிலும் மலையிலும் ஏறுவதற்கென்று செய்த வண்டி, ஆபீஸ் போய்வந்த களைப்பில் படுக்கிறது. வண்டியின் மேல் இதில் பாதிக் குற்றம்தான். தினமும் குறுந்தூரம் ஊர்ந்து போகிறவர் டீசல் தாரை வாங்குவதைவிடப் பெட்ரோலை வாங்குவது நல்லது என்றே தோன்றுகிறது.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் இரண்டு காலமும் தெரியும். பழைய ஜீப்பை எடுக்குமுன் டிரைவர் குச்சியை உருவி, அழுக்குத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். ஆயில் எப்போதும் இறங்கியே இருக்கும். தேய்ந்த ரிங் வழியாக மேலே போய் எரிந்தது பாதி, சீல் வழியாகக் கீழே சொட்டியது பாதி. அவருக்குக் கவலை, கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டதா என்பது. இன்றைய இன்ஜினில் சொட்டு ஒழுக்கு அபூர்வம். ஆனால் கரி எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேரும். டிபிஎஃப் உள்ள பல டீசல் இன்ஜின்களில் இதனால் ஆயில் மட்டம் ஏறுகிறது. ஏறினால் நல்லதுதானே என்று நினைப்பது தவறு. டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கையும் டர்போவையும் காக்காது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்றான பிறகு குச்சியை உருவிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. அந்தப் பழக்கம் இன்றைக்கும் வேண்டும், மேல்கோட்டைப் பார்ப்பதற்காக.

டீசல் வற்றி நின்றுபோன பழைய ஜீப்பை மறுபடி ஓட்டுவது ஒரு கைவேலை. குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்திவிட்டுக் கை பம்ப்பை அழுத்த வேண்டும். முதலில் நுரை கக்கும். பிறகு காற்றும் டீசலுமாக விட்டுவிட்டு வரும். குமிழி ஒழிந்து, டீசல் கம்பியாக வழியும் அந்த நொடியில் ஸ்குரூவை இறுக்க வேண்டும். அப்புறம் நாசில் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, செல்ஃப் அடித்து, ஒவ்வொன்றிலும் டீசல் கசிந்ததும் இறுக்கினால் இன்ஜின் ஒருமுறை இருமி, ஒருமுறை உதறிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்பேனர் போதும். லோடு ஏற்றிய வண்டியோடு காட்டுக்குள் தனியாகப் போனவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. காமன் ரயில் இன்ஜினில் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. சீறிவரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பழைய டீசல் ஒருமுறை உயிர்பெற்றுவிட்டால் பிறகு அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. நிறுத்துவதற்குக்கூடக் கேபிளை இழுத்து டீசலை அடைத்தவர்கள் உண்டு. தளி பக்கத்து மார்கழிக் காலையில் ஹீட்டர் சூடேறும்வரை காத்திருந்து, அப்படியும் பேட்டரி கைவிட்டால் சரிவில் உருட்டி இரண்டாம் கியரில் பிடிக்க வைத்தார்கள். அதனால்தான் ஜீப்பை எப்போதும் சரிவு பார்த்து நிறுத்துவார்கள். இன்றைய இன்ஜின் குளிரில் ஒரே திருகலில் எழுந்துவிடுகிறது. ஆனால் பானெட்டுக்குள் குடிபுகுந்த எலி ஒரு ஒயரைக் கடித்துவிட்டால், நூற்றுமுப்பது குதிரையும் நின்ற இடத்தில் நிற்கும்.

தண்ணீரில் இறங்குவதில் கணக்கு வேறு. புதிய தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்று நிறுவனமே சொல்கிறது. பழைய ஜீப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, போய்ப் பார்த்தார்கள். குவாரித் தூசியைப் பழைய ஜீப் ஆயில் தொட்டி வைத்த ஏர் கிளீனரில் பிடித்தது. தொட்டியைக் கழுவ மறந்தால் கருங்கல் தூள் சிலிண்டருக்குள் போய் உப்புத்தாளாகத் தேய்க்கும், சீக்கிரமே போர் அடிக்க வேண்டிவரும். இன்றைக்குக் காகித ஃபில்டர் இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கிறது. அதையும் நேரத்துக்கு மாற்றியாக வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையும் இடம் மாறிவிட்டது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்து, எந்தப் பேரிங் தட்டுகிறது என்று மெக்கானிக் சொன்ன காலம் உண்டு. டேப்பட் சத்தம் வேறு, நாசில் தட்டல் வேறு, பேரிங் வேறு என்று காதுக்குப் பழகியிருந்தது. இப்போது ஹைட்ராலிக் அமைப்பு இருப்பதால் டேப்பட் வைக்கும் வேலையே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோட் வருகிறது. இளையவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். என்றாலும் ரயில் பிரஷர் குறைவு என்று ஸ்கேனர் சொல்லும். காரணம் பம்ப்பா, அடைத்த ஃபில்டரா, டேங்கில் தேங்கிய தண்ணீரா என்று சொல்லாது. அங்கே மறுபடி பழைய மெக்கானிக்கின் மூளை வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் காட்டும் கோட் ஒன்றை மட்டும் படித்துவிட்டு விலையுயர்ந்த பாகத்தை மாற்றச் சொல்வது, வண்டிக்காரர் தலையில் கடனை ஏற்றும் வேலை.

பழுதைத் தொழிற்சாலையே ஒப்புக்கொள்வது இன்னொரு மாற்றம். 2021 பிப்ரவரியில் மஹிந்திரா 1,577 டீசல் தார் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரானவற்றின் கேம்ஷாஃப்டில் குறை இருக்கலாம் என்று கண்டு, சோதித்து இலவசமாக மாற்றித் தந்தது. 2021 ஏப்ரல் முதல் வண்டிகளைத் திரும்ப அழைப்பதற்குச் சட்டவிதியும் வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜீப்பின் கேம்ஷாஃப்ட் சீக்கிரம் தேய்ந்தால் அது அந்த டிரைவரின் கைராசி என்று போய்விடும். ஒரே குறை எத்தனை வண்டியில் இருக்கிறது என்று எந்தப் பட்டறைக்கும் தெரியாது.

ஜூஜுவாடியும் மாறிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிக்காக நின்ற லாரி வரிசை போயிற்று. ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. சாலையோரப் பட்டறைகளில் எம்.எம்.540 இன்னும் தென்படுகிறது, பெயின்ட் புதிதாக, இன்ஜின் பழையதாக. அதற்கு வேண்டிய கேஸ்கெட்டும் வாட்டர் பம்ப்பும் ஜே.சி. ரோட்டில் கிடைக்கின்றன. ஆனால் காமன் ரயில் இன்ஜெக்டர் ஒன்றை மாற்றினால், அதன் மேல் பொறித்த எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் இன்ஜின் சரியாக ஓடாது. பதிவதற்கான மென்பொருள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, சாலையோரப் பட்டறைகளில் பெரும்பாலும் இல்லை. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனத்துறையும் ஒன்று. சர்வீஸ் கையேட்டையும் உதிரிப்பாக விவரத்தையும் அதில் போடுவதோடு நிறுத்திவிடாமல், இந்தப் பதிவு மென்பொருளையும் தாங்கக்கூடிய விலையில் சிறு பட்டறைகளுக்குத் தர வேண்டும். அது கிடைக்காதவரை, அஞ்செட்டியில் படுத்த வண்டியை ஓசூர் வரைக்கும் சுமார் ஐம்பது கிலோமீட்டர் கயிறு கட்டி இழுத்து வர வேண்டியிருக்கும்.