மின்சாரச் சைக்கிளின் மோட்டாரை நம்பலாமா?



மின்சாரச் சைக்கிள் இன்று நம் தெருக்களில் புதுமைப் பொருளன்று. அதை வாங்க எண்ணுவோர் பலர், "ஐயா, அந்த மோட்டாரை நம்பலாமா? எத்தனை காலம் உழைக்கும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பள்ளியில் பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்றபின், என் பழைய மாணவர் ஒருவர் நடத்தும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் மாலைப் பொழுதுகளைக் கழித்து வருகிறேன். பௌதிகம் கூறுவதையும், அக்கடையில் கண்டதையும் ஒன்று சேர்த்து இக்கேள்விக்கு விடை கூற விரும்புகிறேன். சுருங்கச் சொன்னால், மோட்டார் தானாகக் கெடுவது அரிது. அதைச் சூழ்ந்திருக்கும் சிறு உறுப்புகளும், நாம் அதை நடத்தும் முறையுமே பெரும்பாலும் அதைக் கெடுக்கின்றன.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளன்றே, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தவரான ஆக்டன் போல்ட்டன் என்பவர், பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மோட்டாரில் மின்சாரத்தைச் செலுத்துவதற்கு உராயும் பிரஷ்கள் இருந்தன. உராய்வது தேயும்; தேய்வதை அடிக்கடி மாற்ற வேண்டும். இன்றைய சைக்கிள் மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பிரஷ்களே கிடையா. சக்கரத்தில் அமையும் மோட்டாரில், நடு அச்சோடு கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. காந்தங்கள் பதித்த வளையம் அவற்றைச் சுற்றிச் சுழல்கிறது. எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் தருவது என்பதைக் கண்ட்ரோலர் என்னும் பெட்டி முடிவு செய்கிறது. காந்தம் எங்கே இருக்கிறது என்று அதற்கு அறிவிப்பவை, பல மோட்டார்களில், மூன்று சிறிய சென்சார்கள். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவே இவற்றுக்கு அடிப்படை.

இவ்வகை மோட்டாரில் பல்சக்கரம் இல்லையெனின், உராய்ந்து தேயக்கூடிய உறுப்புகள் பேரிங்குகள் மட்டுமே. ஆனால் அது கனமானது. எடையைக் குறைக்க வேண்டிச் சிலவற்றில் பல்சக்கரங்களை உள்ளே வைக்கின்றனர். அவை பெரும்பாலும் நைலானால் ஆனவை. நாளடைவில் பல் தேயும். ஆயினும் தனியே மாற்றத்தக்கவை. மூன்றாவது வகை, பெடலின் அச்சருகே அமைவது. அதன் விசை சங்கிலி வழியே செல்வதால், சங்கிலியும் பல்சக்கரமும் சாதாரணச் சைக்கிளைவிட விரைவில் தேய்கின்றன. மூன்றிலும் குணமும் உண்டு, குறையும் உண்டு.

மோட்டாரின் முதற் பகை வெப்பம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூலின் விதி. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். 20 அடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றத்தில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 200 வாட் திறன் வேண்டும். ஏற்றம் 10 அடிக்கு ஓரடியானால் 400 வாட் வேண்டும். நம் நாட்டிலோ, பதிவு வேண்டாத மின்சாரச் சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்குக் குறைந்த திறனுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே செங்குத்தான ஏற்றத்தில் மோட்டாரை மட்டும் நம்பினால், வண்டி தளர்ந்து ஊரும், மின்னோட்டம் மிகும், மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். அவ்வெப்பத்தில் சுருளின் மேற்பூச்சுக் கருகும், சென்சார் கெடும், நைலான் இளகும். சாதாரண வகை நியோடிமியக் காந்தமும் 80 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடக் கூடும். நம் வண்டிக்காரர் ஏற்றத்தில் கீழே இறங்கித் தோள் கொடுப்பார், மாடு பிழைக்கும். மின்சாரச் சைக்கிளில் செல்பவரும் அவ்வாறே ஏற்றத்தில் பெடலை மிதித்து உதவ வேண்டும்.

இரண்டாவது பகை நீர். மழையில் செல்வதால் பெரும்பாலும் தீங்கில்லை. வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டுவதும், விசைக் குழாயால் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதுமே பேரிங்கினுள்ளும் மோட்டாரினுள்ளும் துருவை வளர்க்கின்றன. மூன்றாவது பகை தளர்ந்த நட்டு. நட்டு தளர்ந்தால் அச்சு தன் பள்ளத்தில் திரும்பும். அதன் வழியே வரும் கம்பிகள் முறுக்குண்டு அறும்.

இது சிறு செய்தியன்று என்பதை ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தேன். விடியற்காலையில் 40 வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர் ஒருவர், நின்றுபோன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறோரிடத்தில், "மோட்டார் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். மனைவியின் கம்மலை அடகு வைப்பதாக இருந்தார். என் மாணவர் முதலில் பாட்டரியைக் கழற்றினார். மோட்டாரின் மூன்று தடித்த கம்பிகளையும் கண்ட்ரோலரிலிருந்து பிரித்து, சக்கரத்தைக் கையால் சுற்றினார். அது இலகுவாகச் சுழன்றது. பின்பு அக்கம்பிகளில் இரண்டிரண்டாகத் தொடுவித்துச் சுற்றினார். ஒவ்வொரு முறையும் சக்கரம் தடைப்பட்டுத் தடைப்பட்டே சுழன்றது. சுருளும் காந்தமும் நலமாக இருக்கின்றன என்பதற்கு இதுவே சான்று. கம்பிகளைப் பிரித்த நிலையிலும் சக்கரம் அவ்வாறு தடைப்பட்டிருந்தால், பழுது மோட்டாரின் உள்ளே இருக்கக்கூடும். தேடியதில், அச்சின் வாயருகே உராய்ந்து அறுந்த ஒரு சென்சார் கம்பி அகப்பட்டது. அதை ஒட்டி, அச்சு திரும்பாதபடி ஒரு பிடியும் வைத்து, நட்டை இறுக்கினார். மறுநாள் காலை பால் வழக்கம்போல் சென்றது.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாள்தோறும் செல்லும் பாதையில் ஏற்றம் எவ்வளவு? சுமை எவ்வளவு? பேரிங்கும் கண்ட்ரோலரும் சென்சாரும் பல்சக்கரமும் தனித்தனியே கிடைக்குமா? வாங்கிய பின்னர் மாதம் ஒருமுறை அச்சின் நட்டையும் கம்பியையும் பாருங்கள். புதிய கரகரப்பு ஒலி கேட்டால் நாள் கடத்தாதீர்கள். வண்டி நின்றுவிட்டாலும், சோதித்துப் பாராமல் மோட்டாரை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். இவ்வளவு கவனம் இருந்தால் அந்த மோட்டாரைத் தாராளமாக நம்பலாம்.