எங்கள் படங்கள் எங்கே?



வெரிபீயில் தமிழ்ப் படம் என்றால் சென்னைப் படந்தான். இலங்கையிலும் அன்று அப்படியே. ஆனாலும் அங்கே எங்கள் படங்களும் வந்தன. 1972இல் கட்டிடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' தயாரித்தார். 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து வாழ்வை 'பொன்மணி'யாக்கினார். 1978இல் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் படமானது. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் சாம்பலாயின.

ஐரோப்பாவில் ஒஸ்ரியாவின் நிலையும் இதைப் போன்றதே. பக்கத்தில் பெரிய ஜேர்மனி, மொழியும் ஒன்று. வியன்னாவில் பிறந்த பிரிட்ஸ் லாங் புகழ்பெற்றது பேர்லினில்தான். 1938இல் ஹிட்லர் நாட்டைப் பிடித்ததும் யூதக் கலைஞர்கள் துரத்தப்பட்டனர்.

அங்கே 1924இல் 'யூதர் இல்லாத நகரம்' என்றொரு மௌனப்படம் வெளிவந்தது. யூதரை வெளியேற்றிய நகரம் நொடிந்துபோவதுதான் கதை. அதன் முழுமையான பிரதி தொலைந்துவிட்டது என்றே பலகாலம் நம்பினார்கள். 2015இல் பரிஸ் பழம்பொருட் சந்தையொன்றில், காணாமற்போன காட்சிகளுடன் ஒரு பிரதி அகப்பட்டது. ஒஸ்ரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பொதுமக்களிடம் நிதி சேர்த்துச் செப்பனிட்டு, 2018இல் அதைத் திரையிட்டது.

கணக்கு எழுதும் எங்களுக்கு ஒரு பழக்கம்: கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் எதையும் நட்டக் கணக்கில் எழுதமாட்டோம். ஊரிலிருந்து வந்த பெட்டிகள் உங்கள் கராஜிலும் இருக்கும். பழைய வீடியோ கசற், சுவரொட்டி, பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள்.