ஓடுவது நாய், நிறுத்துவது யார்?

விலங்கும் பந்தயமும் – 9

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரத்துக் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோய் தாக்கியது. துறைமுகத்தில் கடல் உறைந்து கிடந்தது. நெனானா வரை ரயிலில் வந்த மருந்தை, அங்கிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோமுக்கு நாய்கள் இழுத்த பனிவண்டிகள் ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தன. கடைசிக் கட்டத்தில் முன்னே ஓடிய பால்ட்டோவுக்கு அந்த ஆண்டே நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் சிலை வைத்தார்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அந்தத் தூரம் முழுவதையும் எந்த நாயும் ஓடவில்லை. 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் வழியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு அணி களைக்கும் இடத்தில் அடுத்த அணி காத்திருந்து மருந்தை வாங்கிக்கொண்டது. அப்படியும் கடுங்குளிரில் சில நாய்கள் செத்தன. குழந்தைகளின் உயிர் ஊசலாடிய நேரத்திலும், ஒரே அணியின் மேல் முழுப் பாரத்தையும் யாரும் ஏற்றவில்லை.

அலாஸ்காவில் இன்று நடக்கும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயம் அந்த ஓட்டத்தின் பெருமையைச் சொல்லித்தான் நடக்கிறது. பனி மோட்டார் வண்டிகள் வந்து, கிராமங்களில் நாய் வண்டிகள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், அந்த மரபைக் காப்பாற்ற ஜோ ரெடிங்டன் என்பவர் முனைந்து உருவாக்கிய பந்தயம் இது. நோக்கம் நல்லதுதான். 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடி வென்றவருக்கு 20 நாள் பிடித்தது. இப்போது முன்னணி ஓட்டிகள் ஒன்பது நாளையொட்டி முடித்துவிடுகிறார்கள். இங்கே மாற்று அணி கிடையாது. புறப்பட்ட நாய்களே கடைசிவரை இழுக்க வேண்டும். காயம்பட்ட நாய்களும் களைத்த நாய்களும் வழியிலேயே விடப்பட்டு விமானத்தில் திரும்பும். முடிவுக் கோட்டில் ஐந்து நாய்கள் மிஞ்சினால் போதும்.

ஏற்பாட்டாளர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் இதயப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் நடக்கின்றன. வழிநெடுக நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 24 மணி நேர ஓய்வு ஒன்றும் எட்டு மணி நேர ஓய்வு இரண்டும் கட்டாயம். 2010, 2011 ஆண்டுகளில் ஒரு நாய்கூடச் சாகவில்லை. ஆனால் 2009இல் ஆறு, 2017இல் ஐந்து, 2024இல் மூன்று நாய்கள் இறந்தன.

சாவுக் கணக்கில் வராத துன்பமும் இருக்கிறது. பந்தயத்தை முடித்த நாய்களின் மூச்சுக்குழாய்களைக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 81 சதவீத நாய்களில் சளியும் கழிவும் அளவுக்கு மீறித் தேங்கியிருந்தன. உறைகுளிர்க் காற்றை நாள்கணக்கில் இரைக்க இரைக்க இழுத்ததன் விளைவு அது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், சோதித்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு இரைப்பையில் புண்ணோ அரிப்போ ரத்தக் கசிவோ இருந்தது. கடைசிக் கோட்டைத் தாண்டிய நாய்களே இப்படி என்றால், “நன்றாகத்தானே ஓடி முடித்தது” என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

2022இல் நடந்ததைப் பாருங்கள். நோமை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் பனிப்புயல் சுழன்றடித்தது. மூன்று ஓட்டிகள் தங்கள் நாய்களைக் குடிசைக்குள் கூட்டிப்போய்க் காப்பாற்றினார்கள். விதிப்படி மருத்துவப் பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ அல்லாமல் நாயைக் கூரைக்குக் கீழ் கொண்டுபோகக் கூடாது. அதனால் மூவருக்கும் தண்டனை! கூரைக்குக் கீழ் இளைப்பாறிய நாய்கள் பிறகு வேகமாக ஓடிவிடும், அது மற்றவர்களுக்கு அநீதி என்பது வாதம். மனிதர்களுக்கிடையிலான நியாயத்தைக் காக்க நாய் புயலில் கிடக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

சட்டம் காப்பாற்றுமா? அலாஸ்காவின் விலங்குவதைச் சட்டமே, பொதுவாக ஏற்கப்பட்ட நாய்வண்டிப் பந்தயங்களுக்கும் அவற்றின் நடைமுறைகளுக்கும் பொருந்தாது என்று எழுதிவைத்திருக்கிறது. பல கொட்டில்களில் ஆண்டு முழுவதும் நாய்களைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் தொடர்கிறது.

“நாய்க்கே ஓட ஆசை” என்பார்கள். உண்மைதான். புறப்படும் இடத்தில் அவை துள்ளுவதைப் பார்த்தவர் மறுக்க முடியாது. ஆனால் ஓட விரும்பும் நாய் எப்போது நிற்பது என்பதைத் தானே முடிவு செய்வதில்லை. பரிசுப் பணத்தையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்தான் அதைச் சொல்கிறார். நாயின் ஆசை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது அவருடைய பொறுப்பு.

கட்டாய ஓய்வைக் கூட்டட்டும். புயலில் நாய்க்கு இடம் கொடுப்பவரைத் தண்டிப்பதை நிறுத்தட்டும். சட்டத்தின் விதிவிலக்கை நீக்கட்டும். இத்தனையும் செய்தபின் ஒன்பது நாள் பதினைந்து நாளானால் ஆகட்டும். 1925இன் பெயரைச் சொல்லி ஓடுகிறவர்கள், அன்று பாரத்தைப் பகிர்ந்துகொண்டதையும் மரபாக ஏற்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் அந்தப் பெயரைச் சொல்லும் உரிமையும் இல்லை.

அடுத்த வாரம்: அமெரிக்காவின் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தையே நிறுத்திய கதை.

(தொடரும்)