பார்த்தால் ஒன்று, பாடினால் வேறு

தென்னிந்தியாவின் முள்காடுகளிலும் மானாவாரி நிலங்களிலும் சிட்டுக்குருவி அளவில், மண் நிறத்தில் ஒரு பறவை குடுகுடுவென ஓடிக் கல் மறைவில் நின்றுவிடும். புதர் வானம்பாடி என்பது தெரிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அது ஜெர்டன் புதர் வானம்பாடியா, இந்தியப் புதர் வானம்பாடியா?

இரண்டுக்கும் அறிவியல் பெயர் கொடுத்தவர் கல்கத்தாவில் ஆசியச் சங்க அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித். ஆண்டு 1845. ஜெர்டன் என்பது, சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்துகொண்டே இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய தாமஸ் ஜெர்டனின் பெயர். பழைய நூல்கள் இதே பறவையை ‘மதராஸ் புதர் வானம்பாடி’ என்றன. பின்னர் வந்தவர்கள் அதை வங்கத்துப் புதர் வானம்பாடியின் உட்பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். 1998இல் ஸ்வீடன் ஆய்வாளர் பேர் ஆல்ஸ்ட்ரோம் உருவத்தோடு பாட்டையும் பறக்கும் விதத்தையும் ஒப்பிட்டு, அதை மறுபடியும் தனி இனமாக நிறுத்தினார்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் குறைவு. ஜெர்டனுக்கு அலகு தடித்தது, வால் குட்டை, கால் நீளம். இந்தியப் புதர் வானம்பாடிக்கு வால் சற்று நீளம். பறக்கும்போது இறக்கையில் செம்பழுப்பு நிறம் கூடுதலாகத் தெரியும்.

காதைத் தீட்டிக்கொண்டால் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும். ஜெர்டன் பெரும்பாலும் உட்கார்ந்து பாடும். புதர் உச்சி, மரக்கிளை, மின்கம்பி என எதுவும் அதற்கு மேடைதான். உலோகத்தைத் தட்டினாற்போன்ற வறண்ட ஒலி தொடர்ந்து சில நொடிகள் வரும். எப்போதாவது கொஞ்ச தூரம் மேலே எழும்பி இறங்கும். இந்தியப் புதர் வானம்பாடிக்கு வானமே மேடை. சட்டென்று பத்து மீட்டர் அளவுக்கு எழும்பி, இறக்கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி, இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டே மிதந்து இறங்கும்.

வாழிடத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு வியப்பளிக்காது. ஜெர்டனுக்கு மரமும் புதரும் கலந்த நிலம் பிடிக்கும். மற்றதற்கு வறண்ட, கல் நிறைந்த திறந்தவெளி. இலங்கையில் இருப்பது ஜெர்டன் மட்டுமே. இந்தியத் தீபகற்பத்திலோ இரண்டையும் அருகருகே காணக்கூடிய இடங்கள் உண்டு.

இரண்டுமே தரையில் புல் ஓரத்தில் கூடு வைப்பவை. ஆனால் இந்தியாவின் தரிசு நில வரைபடங்களில் புதர் நிலமும் இடம்பெறுகிறது. அங்கே நெருக்கமாக மரம் நட்டுப் பசுமையாக்கினால், திறந்தவெளியை நம்பி வாழும் இந்தியப் புதர் வானம்பாடிதான் முதலில் இடம் இழக்கும். நடுவதற்கு முன், இனப்பெருக்கக் காலத்துக் காலை நேரத்தில் ஒருமுறை அங்கே நின்று காது கொடுத்துக் கேட்பது அவசியம்.