கேட்டும் கேட்காமலும் ஓர் இசை

பாட்டு என்றால் நமக்கு ஊரைக் கூட்ட வேண்டும். திருவிழா என்றால் ஒலிபெருக்கி கட்ட வேண்டும். கல்யாணம் என்றால் தவில் முழங்க வேண்டும். ஒன்றும் இல்லாத நாளில் சமையலறை வானொலியாவது விடியற்காலை முதல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி வளர்ந்த நம்மிடம், பாடுகிறவர் இல்லாத, தாளம் இல்லாத, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாத ஓர் இசையைக் கொடுத்துக் கேட்கச் சொன்னால் என்ன சொல்வோம்? "ரேடியோ கெட்டுப் போச்சா?" என்போம். வாசக நேயர்களே, நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

என் தாயார் நாற்பது ஆண்டுகள் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தோட்டம் கைமாறி, வீடுகள் இடிபட்டு, எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. சத்தத்தால் அல்ல, சத்தம் இல்லாததால். "இது என்னடி, ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு" என்பார். தொலைக்காட்சியைப் போட்டு வைத்தால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு விழித்திருப்பார். பழைய பாட்டைப் போட்டால் அப்பாவை நினைத்து அழுவார். அழுது முடிக்கும்போது பொழுது விடிந்திருக்கும்.

என் அக்காள் மகன் ஒரு நாள் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி ஒன்றை அவர் அறையில் வைத்து, எதையோ மெல்ல ஓடவிட்டான். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் சொட்டுவது போல் சுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கால் மணி நேரம் பேசாமல் படுத்திருந்த அம்மா சொன்னார்: "பக்கத்து வீட்டுல யாரோ இருக்காப்பல இருக்கு."

அன்றுதான் அது என்ன இசை என்று கேட்டேன். 'ஆம்பியன்ட்' என்றான். நாம் சூழலிசை என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் போட்டது ஜப்பானியரான ஹிரோஷி யோஷிமுராவின் 'கிரீன்' என்ற இசைத்தொகுப்பு. 1986இல் வெளிவந்தது. கிரீன் என்ற ஐந்து ஆங்கில எழுத்தையும் பிரித்துத் தோட்டம், ஆறு, எதிரொலி, வெறுமை, பழைய நினைவு என்று அதன் உறையில் விரித்திருக்கிறார்கள். முதல் சொல்லே தோட்டம்! மின்னிசைக் கருவிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு அடக்கமாக ஒரு மனிதர் வாசிக்க முடியுமா என்று எனக்கு வியப்பு.

சூழலிசை என்ற பெயருக்கு வழி வகுத்தவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. அவருக்கும் இது படுக்கையில்தான் பிடிபட்டது. 1975இல் கார் விபத்தில் அடிபட்டு வீட்டில் கிடந்தார். பார்க்க வந்த தோழி பழங்காலத்து யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எப்படியோ எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் மிகக் குறைவு; இரண்டு பெட்டிகளில் ஒன்று வேலையும் செய்யவில்லை. திரும்ப எழுந்து போய்த் திருத்தத் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்குள் யாழின் ஓசை ஒன்றிரண்டு மட்டும் மேலெழும்பி வந்தது. இசை வேறு, சுற்றுப்புறம் வேறு என்று பிரிக்க வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார்.

மூன்று ஆண்டு கழித்து, 1978இல், விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தொகுப்பு செய்தார். 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்பது அதன் பெயர். அதில் ஒரு பகுதியைச் செய்த விதம் வேடிக்கையானது. பெண் குரலில் ஒற்றைச் சுரங்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஒலிநாடா வளையமாக ஒட்டினார். ஒரு வளையம் சுற்றி வர 23 வினாடிக்குச் சற்று மேல், அடுத்தது ஏறத்தாழ 26 வினாடி, இன்னொன்று ஏறத்தாழ 30 வினாடி. அவற்றைச் சேர்த்து ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான். புரியவில்லையா? சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து மாடுகள் லயத்துக்குத் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தன் நடைக்கு ஏற்பக் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு வரும். மணிகள் சில நேரம் சேர்ந்து ஒலிக்கும், சில நேரம் விலகும். நேற்றுக் கேட்டது போல இன்று இருக்காது. அதை யாரும் கச்சேரி என்று உட்கார்ந்து கேட்டதில்லை, கேட்காமலும் இருந்ததில்லை.

சரி, எதை வாங்குவது? முதலில் 'கிரீன்'. 2020இல் அமெரிக்காவின் லைட் இன் தி அட்டிக் என்ற தனி நிறுவனம் அதை மறுபடியும் வெளியிட்டது. ஒரு எச்சரிக்கை: முன்பு அமெரிக்காவில் விற்ற பதிப்பில் இயற்கை ஓசைகளை மேலே சேர்த்திருந்தார்கள். நல்ல தயிர்சாதத்தில் சர்க்கரை போட்ட கதை. சேர்க்காத பதிப்பையே கேளுங்கள். அடுத்து, அவருடைய 'சரவுண்ட்'. இதுவும் 1986ஆம் ஆண்டினது. மிசாவா ஹோம் என்ற வீடு கட்டும் நிறுவனம், தான் கட்டிய புது வீடுகளுக்காகவே கேட்டு வாங்கிய இசை. 2023இல் திரும்ப வந்திருக்கிறது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. யோஷிமுரா 2003இல் காலமானார். உலகம் அவரைத் தேடிக்கொண்டு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, உயிரோடு இருப்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலேயே கிச்சன் லேபிள் என்ற சிறிய வெளியீட்டு நிறுவனம் இருக்கிறது. அதை நடத்தும் ரிக்ஸ் ஆங்கும், பாடகி ஏப்ரல் லீயும் சேர்ந்த இருவர் குழு ஆஸ்பிடிஸ்ட்ராஃபிளை. 2022இல் வந்த அவர்களுடைய 'ஆல்டர் ஆஃப் ட்ரீம்ஸ்' குரலும் உள்ள தொகுப்பு; குரலே இல்லாவிட்டால் பிடிக்காது என்பவர்கள் இங்கே தொடங்கலாம். ஹிரோஷிமாவில் வாழும் மெய்தெய் என்பவரின் 'கோஃபூ'வையும் இந்த நிறுவனம்தான் 2020இல் வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2021, மூன்றாம் பாகம் 2023. மறைந்துகொண்டிருக்கும் ஜப்பானின் மனநிலையைப் பிடித்து வைப்பதே தம் வேலை என்கிறார் அவர். தேய்ந்த இசைத்தட்டு பக்கத்து அறையில் ஓடுவது போன்ற கரகரப்பு. அருமையானது, ஆனால் சில இடங்களில் தடாலென்று எழும்பும். உறங்கும் அறைக்கு ஆகாது.

மின்னிசை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்பவர்கள் 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற தொகுப்பைத் தேடுங்கள். 1969இலேயே இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் என்ற மின்னிசைக் கருவி வந்து இறங்கியது. அங்கே கீதா சாராபாய் முதலானோர் செய்து பார்த்தவை ஒலிநாடாக்களில் கிடந்து, 2023இல்தான் வெளிவந்தன. தூக்கத்துக்கு அல்ல, துணிச்சலுக்காகக் கேட்க வேண்டியவை.

இவற்றை இலவசமாகவும் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்குக் காசு தருவதில்லை. சின்னக் கலைஞர்களுக்கு அந்த எண்ணிக்கையே மலை. பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் வாங்கினால், இசைக் கோப்புக்குக் கடைக்காரர் சுமார் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு, மீதியில் பெரும் பங்கை இசைத்தவருக்கோ வெளியிட்டவருக்கோ அனுப்புகிறார். நாலு தே தாரிக் விலைக்கு மேல் போகாத தொகுப்புகளும் அங்கே உண்டு.

கேட்கும் முறை ஒன்றுதான். காதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சின்னப் பெட்டியில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே போகாத அளவில் வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். சமையலுக்குக் காய் நறுக்குங்கள். பிள்ளைகள் பாடம் படிக்கட்டும். இது மருந்தல்ல. அம்மாவுக்கு இன்னும் சில இரவுகள் உறக்கமில்லாமல்தான் போகின்றன. ஆனாலும் படுக்கப் போகும்போது, "அந்த ஜப்பான்காரரைப் போடு" என்கிறார். காலை ஐந்தரைக்கு அவரே எழுந்து ஜப்பான்காரரை நிறுத்திவிட்டு, வானொலியைத் திருகுகிறார், பன்னிரண்டு மாடிக்கும் கேட்கும்படியாக.